பாசி ஸ்கிரப்பர்: தண்ணீரை ஏற்ற மோட்டார் இருக்கிறது, வடிக்க?

மன்னார்குடி வாசகர், 2025 மே 17

3 அடி தொட்டி, தங்கமீன் 4. வாரா வாரம் பாதித் தண்ணீர் மாற்றியும் கண்ணாடி முழுக்கப் பாசி. தொட்டிக்கு மேலே ஒரு டப்பா வைத்து அதில் பாசியை வளர்த்தால் கீழே வளராது என்கிறார்கள். டப்பாவை எதில் மாட்டுவது? மேலே ஏறின தண்ணீர் எப்படித் திரும்பும்? வடிகாலுக்கு முக்கால் இஞ்ச் பைப் போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா?

2025 மே 18, காலை

போதும். என்னிடம் ஓடுவதும் முக்கால் இஞ்ச்தான். 11 நாளாகிறது, ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

தொட்டியும் கிட்டத்தட்ட உங்களுடையதேதான். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம், சுமார் 100 லிட்டர். தங்கமீன் 5. (அதிகம்தான், தெரியும், யாரும் எழுத வேண்டாம்.) தங்கமீன் தின்கிற வேகத்திலேயே கழிக்கும். கழிவு அமோனியாவாகி, நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாக வந்து நிற்கும். ஃபில்டரின் வேலை அங்கே முடிந்தது. நைட்ரேட்டை வெளியேற்ற ஒன்று தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லை ஏதாவது ஒரு செடி கொடி அதைத் தின்ன வேண்டும்.

எங்கள் வீடு கும்பகோணத்துக்குப் பக்கம், அரசலாற்றங்கரை. போர் தண்ணீரை டெஸ்ட் கிட்டில் பார்த்தால் அதிலேயே நைட்ரேட் 20 காட்டுகிறது. தொட்டியில் 40. பாதித் தண்ணீர் மாற்றினால் 30. எத்தனை வாளி சுமந்தாலும் 20க்குக் கீழே இறங்காது, வருகிற தண்ணீரே 20 என்பதால். அதனால்தான் பாசியைக் கூலிக்கு வைத்தேன்.

2025 மே 18, இரவு

காலையில் அவசரத்தில் அமைப்பைச் சொல்லாமல் விட்டேன்.

கம்பளி நூலில் பூ வேலை செய்வதற்கென்று கட்டம் கட்டமாக ஒரு பிளாஸ்டிக் வலை ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும். அதில் 6 இஞ்சுக்கு 6 இஞ்ச் வெட்டி, ஹாக்ஸா பிளேடால் இரண்டு பக்கமும் கீறிக் கீறிச் சொரசொரப்பாக்க வேண்டும். கையில் குத்த வேண்டும், அந்த அளவுக்கு. வழுவழுப்பாக விட்டால் பாசி வளர்ந்ததும் பாளம் பாளமாகக் கழன்று விழும். அரை இஞ்ச் பி.வி.சி. பைப்பில் நீளவாக்கில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பிளவு வெட்டி, வலையின் மேல் விளிம்பை அதில் செருக வேண்டும். பைப்பின் ஒரு முனையில் எண்ட் கேப், மறுமுனையில் மோட்டார் ஹோஸ். தண்ணீர் வலையின் இரண்டு பக்கமும் திரை மாதிரி வழியும். இரண்டு பக்கமும் சிவப்பு எல்.இ.டி. விளக்கு. இவ்வளவும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள். டப்பா அடியில் ஓட்டை, ஓட்டையிலிருந்து பைப், பைப் தொட்டிக்குள்.

மாட்டுவதில் நான் பட்ட பாடு தனிக் கதை.

முதலில் தொட்டியின் கண்ணாடி விளிம்பிலேயே தொங்கவிட்டேன். டப்பா 25க்கு 15 சென்டிமீட்டர். தண்ணீர் நிறைந்தால் 5 கிலோவுக்கு மேல். அத்தனை எடையும் 5 மில்லிமீட்டர் கண்ணாடியின் ஓரத்தில் ஒரே இடத்தில் இறங்குகிறது. ராத்திரி அதை நினைத்துத் தூக்கம் வரவில்லை, எழுந்து போய்க் கழற்றிவிட்டேன்.

அடுத்தது சுவர். எங்களுடையது பழைய வீடு, சுண்ணாம்புக் காரைச் சுவர். டிரில் வைத்தால் அரை இஞ்ச் ஓட்டைக்கு ஒன்றரை இஞ்ச் காரை பெயர்ந்து விழுகிறது. பிளக் அடித்தால் சோற்றில் குச்சி செருகினது போல நிற்கிறது. உங்கள் வீடு சிமெண்ட் பூச்சு என்றால் எல் ஆங்கிள் இரண்டு அடித்து மேலே பலகை போட்டுவிடுங்கள், வேலை முடிந்தது.

மூன்றாவதாகத்தான் இப்போது இருக்கிற இடம்: கூடத்து உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கி. ஊஞ்சலைக் கழற்றிப் பல வருஷம் ஆகிறது, கொக்கி சும்மாதான் கிடந்தது. அதில் சங்கிலி போட்டு டப்பாவைத் தொங்கவிட்டுத் தொட்டியை அதற்குக் கீழே நகர்த்தினேன். பார்க்க அழகாக இருக்கிறது. அம்மா மட்டும், "மீனுக்கு ஊஞ்சலா கட்டியிருக்கே?" என்று கேட்டாள்.

2025 மே 25

முக்கால் இஞ்ச் போதும் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தேன். எழுந்து காலைக் கீழே வைத்தால் ஜில்லென்றது. கூடம் முழுக்கத் தண்ணீர். சிவப்புத் தரையில் தண்ணீர் நின்றால் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. பத்தாயத்தின் கால் வரைக்கும் போய்விட்டது, பக்கத்தில் இருந்த இட்லி அரிசி மூட்டையின் அடி நனைந்துவிட்டது. தொட்டியில் ஒரு சாண்கூடத் தண்ணீர் இல்லை, ஐந்து மீனும் ஒரு மூலையில் ஒண்டி நிற்கின்றன.

நடந்தது இது. பாசித் துணுக்கு தொட்டிக்குள் விழாமல் இருக்க வடிகால் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டியிருந்தேன். என் சொந்த மூளை. மூன்றாவது வாரம் பாசி நூல் நூலாக நீண்டதும் இரண்டு இழை அறுந்து அந்தக் கொசுவலையில் ஒட்டியிருக்கிறது, மேலும் நாலு இழை அதில் சேர்ந்திருக்கிறது, வாய் அடைத்துவிட்டது. மோட்டார் பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 12 லிட்டர். தரைக்குப் போனது சுமார் 68 லிட்டர். ஆறு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அம்மா துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே கேட்டாள்: "வாய்க்கால் வெட்டினவன் வடிவாய்க்கால் வெட்ட வேண்டாமா?" தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்துவிட்டு இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது. பாய்ச்ச ஒரு மடை போதும், ஐப்பசி மழையில் வடியாமல் நிற்கிற வயல்தான் அழுகும். சின்ன வயதிலிருந்து பார்த்தது. டப்பா என்றதும் மறந்துபோனது.

2025 மே 26

ஊஞ்சல் கொக்கியையும் வாபஸ் வாங்குகிறேன். நேற்று கழற்றும்போதுதான் பார்த்தேன், டப்பாவும் வடிகால் பைப்பும் சேரும் இடத்தில் நூலளவு விரிசல். தொங்குகிற டப்பா ஆடுகிறது, கீழே பைப்பைத் தொட்டியோடு கிளிப் போட்டு இறுக்கியிருக்கிறேன். யாராவது மேலே இடித்தால் அத்தனை விசையும் அந்த இணைப்பில்தான். டப்பாவும் தொட்டியும் ஒரே ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஆடினால் இரண்டும் சேர்ந்து ஆட வேண்டும்.

2025 ஜூன் 1

புது அமைப்பு ஓடுகிறது. நீளமாக எழுதுகிறேன், மன்னார்குடிக்காரர் இன்னும் பைப் வாங்கவில்லை என்றால் பிழைத்தார்.

ஸ்டாண்ட்: வெல்டிங் பட்டறையில் தொட்டி ஸ்டாண்டின் பின்கால் இரண்டையும் ஆங்கிள் வைத்து மேலே நீட்டி, உச்சியில் ஒரு தட்டு பற்ற வைத்தாயிற்று. ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வலை தொங்கும் பைப் ஒரு நூல் சாய்ந்தாலும் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும், மறுபக்கம் காய்ந்து பாசி வெளுத்துவிடும்.

வடிகால் ஒன்று: ஒன்றேகால் இஞ்ச். டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு டேங்க் நிப்பிள் (டப்பாவையும் பைப்பையும் இணைக்கிற மரை வைத்த துண்டு) மாட்டியிருக்கிறேன். ரப்பர் வாஷர் நட்டுப் பக்கம் போடக் கூடாது. டப்பாவுக்கு உள்ளே, நிப்பிளின் விளிம்புக்கு அடியில் வர வேண்டும். போன தடவை மாற்றிப் போட்டு, எம்சீலைப் பூசிப் பூசி அலுத்துப்போனேன். ஸ்பானர் போட்டு முறுக்கவும் வேண்டாம், மெல்லிய டப்பா கீறிவிடும். கை இறுக்கம், அதற்கு மேல் கால் திருகு. நிப்பிளுக்கு மேலே இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு துண்டுப் பைப் நிற்கிறது. அதனால் டப்பாவில் எப்போதும் அவ்வளவு தண்ணீர் தங்கும், வலையின் அடி விளிம்பு அதில் முங்கியிருக்கும், விழுகிற சத்தம் இல்லை.

வடிகால் இரண்டு: 1 இஞ்ச், டப்பாவுக்குள் 12 சென்டிமீட்டர் உயரத்தில் வாய். சாதாரணமாக இதில் ஒரு சொட்டும் போகாது. முதலாவது அடைத்தால் மட்டும் ஓடும். இதைக் கீழே கொண்டுபோய் முதல் பைப்போடு டீ (T வடிவ பைப் இணைப்பு) போட்டுச் சேர்த்துவிடாதீர்கள். கீழே அடைத்தால் இரண்டும் சேர்ந்து அடைக்கும், அப்புறம் இரண்டு எதற்கு? தனியாகவே தொட்டிக்குள் இறக்கி, அதன் முனையை மட்டும் தண்ணீருக்கு மேலே 10 சென்டிமீட்டரில் நிறுத்தியிருக்கிறேன். அது ஓட ஆரம்பித்தால் சளசளவென்று வீடே கேட்கும்.

கொசுவலை, டீ வடிகட்டி, ஸ்பாஞ்ச் எதுவும் வடிகால் வாயில் கிடையாது. இழை வந்து விழட்டும், தங்கமீன் இதைக் கீரை மாதிரித் தின்கிறது. ஸ்பாஞ்ச் மோட்டார் வாயில்தான்.

பைப் வளைகிற இடத்தில் 90 டிகிரி எல்போ ஒன்று போடுவதை விட 45 டிகிரி இரண்டு போடுங்கள். பாசி சிக்குவது வளைவில்தான்.

மோட்டாரைத் தொட்டியின் அடியில் வைக்காதீர்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து 5 சென்டிமீட்டர் கீழே அதன் வாய் இருக்கும்படி கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். இரண்டு வடிகாலும் சேர்ந்து அடைத்தாலும் 13 லிட்டருக்கு மேல் தரைக்கு வராது, அதற்குள் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும்.

அளப்பதற்கு மீட்டர் எதுவும் வாங்க வேண்டாம். வடிகால் பைப்பின் கீழ் முனையை 10 லிட்டர் வாளியில் விட்டு ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்தேன். 50 செகண்டில் நிறைந்தது. மணிக்கு 720 லிட்டர். வலையின் அகலம் ஒவ்வொரு இஞ்சுக்கும் மணிக்கு 130 லிட்டர் வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு, 6 இஞ்சுக்கு 780. கொஞ்சம் குறைவுதான், பரவாயில்லை. மோட்டார் அட்டையில் 1200 என்று போட்டிருக்கும். அது மேலே ஏற்றாமல் தள்ளும் அளவு. இரண்டரை அடி ஏற்றினால் இவ்வளவுதான் மிஞ்சும்.

2025 ஜூன் 3

சத்தம். ராத்திரி முழுக்க யாரோ கொல்லையில் வாய் கொப்பளிப்பது போல. வடிகாலில் தண்ணீரும் காற்றும் சேர்ந்து இறங்குவதால் வருவது.

நிற்கிற துண்டுப் பைப்பின் தலையில் ஒரு டீ வைத்து, டீயின் மேல் வாயை எண்ட் கேப்பால் மூடி, கேப்பில் சின்ன ஓட்டை. தண்ணீர் பக்க வாயால் போகும், காற்று மேலே ஓட்டையால் போகும். பாதிச் சத்தம் போயிற்று. மீதிப் பாதி கீழ் முனையில் இருந்தது. பைப்பைத் தொட்டிக்குள் ஒரு சாண் ஆழத்துக்கு விட்டிருந்தேன். உள்ளே சிக்கின காற்று வெளியேற முடியாமல் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. முனையைச் சாய்வாக வெட்டி 2 சென்டிமீட்டர் மட்டும் முங்க விட்டதும் அடங்கியது.

டீ வைத்தபோது பக்க வாயின் உயரம் ஏறிவிட்டது, தண்ணீர் மட்டமும் ஏறியது. துண்டுப் பைப்பை அதற்கேற்பக் குட்டையாக்குங்கள். நான் இரண்டு தடவை வெட்டினேன்.

2025 ஜூன் 10

மோட்டார் வாய்க்கு 5 சென்டிமீட்டர் ஆழம் என்று எழுதியது தப்பு. திருவாரூரில் ஒரு கல்யாணம், நாலு நாள் கழித்து வந்தால் மோட்டார் காற்றை இழுத்துக் கத்திக்கொண்டிருக்கிறது. இந்த வெயிலில், வலை வழியாகத் தண்ணீர் வழியும்போது ஆவியாவதும் அதிகம். 8 சென்டிமீட்டர் வையுங்கள். அடைத்தால் 22 லிட்டர் தரைக்கு வரும், சகித்துக்கொள்ளலாம். காய்ந்து ஓடினால் மோட்டார் போய்விடும்.

2025 ஜூன் 14

மேட்டூர் 12ஆம் தேதி திறந்துவிட்டார்கள், எங்கள் வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை. வயல் வேலைக்கு நடுவில் சித்தப்பா வந்து டப்பாவைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, வயலில் பாசி பிடித்தால் மயில்துத்தத்தைத் துணியில் முடிந்து மடைவாயில் கட்டினால் ஆச்சு. இதுக்கு எதுக்கு மோட்டாரும் லைட்டும்?" என்றார்.

யாரும் அதைச் செய்துவிடாதீர்கள். மயில்துத்தம் என்பது செம்பு உப்பு. நத்தையும் இறாலும் முதலில் போகும், அளவு கொஞ்சம் கூடினால் மீனும் போகும். செத்த பாசி அழுகித் தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவைத் தின்னும், உறிஞ்சி வைத்திருந்ததையெல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே கக்கும். நமக்கு வேண்டியது பாசி சாவது இல்லை, வளர்ந்து வெளியே போவது. சித்தப்பாவிடம், "களை மாதிரி இல்லை, கதிர் மாதிரி, அறுத்து வீட்டுக்கு எடுத்துப் போகணும்" என்றேன். "இதை எந்த மண்டியில் போடுவே?" என்றார்.

நிறம் கேட்டவருக்கு: முதல் வாரம் பழுப்பாகச் சளி மாதிரி வரும், பயப்பட வேண்டாம். அப்புறம் பச்சை. எனக்கு முழுசாகப் பச்சை பிடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. கறுத்து எண்ணெய்ப் பிசுக்குப் போல இருந்தால் தண்ணீரில் சத்து மிதமிஞ்சிக் கிடக்கிறது, அடிக்கடி அறுங்கள். மஞ்சளாக ரப்பர் மாதிரி இருந்தால் இருக்கிற சத்துக்கு வெளிச்சம் அதிகம், விளக்கு நேரத்தைக் குறையுங்கள்.

அறுப்பு வாரம் ஒரு நாள். வலையைக் கழற்றிக் குழாயடியில் விரல் நகத்தால் சுரண்டினால் போதும். சோப்பு கூடாது, வலை தெரிய வழிக்கவும் கூடாது. அடிப்பச்சை கொஞ்சம் இருந்தால்தான் அடுத்த வாரம் துளிர்க்கும். எடுத்ததை முருங்கை மரத்தடியில் போடுகிறேன். பிழிந்தால் ஒரு உருண்டை, சாத்துக்குடி அளவு.

2025 ஜூலை 9

இது யூடியூப்காரர்கள் கிளப்பிவிட்ட புது மோஸ்தர்தானே என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. வால்டர் ஏடி என்பவர், வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்தவர், பவளத்திட்டுகளில் பாசி எவ்வளவு சத்தை இழுக்கிறது என்று ஆராய்ந்து செய்தது. அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1982இல். அவருடையதில் தண்ணீர் அலை அலையாகக் கொட்டும், நிறைந்தால் தானே கவிழும் தொட்டி வைத்து. நாம் செய்கிற செங்குத்து வலை பின்னால் கடல்மீன் வளர்ப்பவர்கள் எளிமையாக்கியது. நல்ல தண்ணீருக்கும் அது ஒத்துவருகிறது.

அளவு விஷயத்தில் தொட்டியின் லிட்டரைப் பார்க்காதீர்கள், போடுகிற தீனியைப் பாருங்கள். உறைய வைத்த ரத்தப்புழு கட்டி தினம் ஒன்று போட்டால் 12 சதுர இஞ்ச் வலை, இரண்டு பக்கமும் வெளிச்சத்தோடு. என்னுடைய 36 சதுர இஞ்ச் மூன்று கட்டிக்குச் சரி. என் மீன்கள் தின்பதைப் பார்த்தால் அதுவே இறுக்கம்.

2025 ஜூலை 10

விளக்கு பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. டப்பா ஒளி ஊடுருவாததாக இருக்கட்டும், இல்லை வெளியே கறுப்புப் பெயிண்ட் அடியுங்கள். வெளிச்சம் எங்கே படுகிறதோ அங்கே பாசி. என்னுடையதில் வடிகால் பைப்பின் வாய்க்குள்ளேயே பச்சை கட்டியிருந்தது. மேலே பைப்பின் பிளவிலும் வளர்ந்து தண்ணீரை மறிக்கும், அதன் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை ஒன்று ஒட்டிவிட்டேன். விளக்குக்கும் வலைக்கும் நடுவே கண்ணாடித் தகடு வேண்டும். ஒயர் பிளக்குக்கு வரும் முன் கீழே தொய்ந்து ஏறட்டும், வழிகிற நீர் தொய்விலேயே சொட்டிவிடும். லைனில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) இல்லாத வீட்டில் இந்த வேலையே வேண்டாம்.

விளக்கை ராத்திரியில் எரிய விடுகிறேன், மாலை 6 முதல் காலை 8 வரை டைமரில். தொட்டி விளக்கு அணைந்திருக்கும்போது பாசி பிராணவாயு விடும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளப்பது குறைந்திருக்கிறது.

2025 ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. எங்கள் வீட்டில் பெருக்கு மே மாதமே வந்துவிட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

2025 ஆகஸ்ட் 21

கரண்ட் போனால் என்ன ஆகும்? மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குப் போனது சாயங்காலம் வந்தது, அதனால் நேரிலேயே பார்த்துவிட்டேன். மோட்டார் நின்றதும் டப்பாவில் மிதமிஞ்சின தண்ணீர் மட்டும் தொட்டிக்கு இறங்கும், ஒரு லிட்டர் சொச்சம். தொட்டி மட்டம் அரை சென்டிமீட்டர்கூட ஏறாது. இரண்டாவது வடிகால் ஓடிக்கொண்டிருக்கிற நேரத்தில் கரண்ட் போனால் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் ஏறும். அதனால் தொட்டியில் மேலே 2 இஞ்ச் காலியாக விடுங்கள். மேல் பைப்பில் பிளவு இருப்பதால் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும், ஹோஸ் வழியாகத் திரும்பி ஓடாது.

வலையை அப்படியே விட்டால் மின்விசிறிக் காற்றில் காய்ந்துவிடும். கழற்றித் தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டேன். மீன்கள் ஒரு வார அறுப்பை ஒரே பகலில் முடித்துவிட்டன.

2025 செப்டம்பர் 14

"இதற்கு மணிபிளாண்ட் வேரைத் தொட்டியில் விட்டால் போதாதா?" போதும். பத்தில் எட்டுப் பேருக்குப் போதும். வடியவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். தங்கமீன் வேரைக் கடித்துத் துப்பும், அதற்கு ஒரு கூடை மாட்டினால் சரி. எனக்கு ஐந்து தங்கமீன், கெட்ட போர் தண்ணீர், பட்டறைக்கு ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று. தொட்டியில் நைட்ரேட் இப்போது 10, வருகிற தண்ணீரை விடக் குறைவு. அந்த ஒரு எண்ணுக்காகத்தான் இத்தனை பைப். தொட்டிக்குள் செடி நிறைய வளர்ப்பவர்கள் இதை வைக்காதீர்கள், செடிக்கான சத்தை ஸ்கிரப்பர் பிடுங்கிக்கொள்ளும்.

2025 நவம்பர் 2

மழை பிடித்துக்கொண்டது. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்கு அப்புறம் எங்கள் பக்கம் கரண்ட் வர நாளாயிற்று, அப்போது இருந்த தொட்டி மொத்தமும் போயிற்று. அதிலிருந்து ஐப்பசி பிறந்தால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை எடுத்துத் துடைத்து வைப்பது வழக்கம். ஸ்கிரப்பர் மோட்டாரை இன்வெர்ட்டரில் போட்டுப் பார்த்தேன், தேவையில்லை. மீனுக்கு மூச்சு இருந்தால் பாசி இரண்டு நாள் பொறுக்கும்.

முந்தாநாள் ராத்திரி சளசளவென்று சத்தம். முதலில் மழை என்று நினைத்தேன். இரண்டாவது வடிகால்! முதல் பைப்பின் டீக்குள் இழை சுருண்டு அடைத்திருந்தது. குச்சி விட்டு எடுத்தேன், ஐந்து நிமிஷ வேலை. தரையில் ஒரு சொட்டு இல்லை. அம்மாவை எழுப்பிக் காட்டலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று படுத்துவிட்டேன்.

2025 நவம்பர் 5

மன்னார்குடிக்காரர் படம் அனுப்பியிருக்கிறார். சிமெண்ட் சுவர், எல் ஆங்கிள், பலகை எல்லாம் நேர்த்தி, என்னுடையதை விட நன்றாக இருக்கிறது. ஒன்றேகால் இஞ்ச் பைப்பும் தெரிகிறது. இரண்டாவது எங்கே சார்? டப்பாவுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது என்றால் பக்கவாட்டில் நின்று இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டுத்தான் எனக்குத் தூக்கம்.